யார் செய்தது என்று கேட்காத மிஸ்ஸி

செய்தி வந்தபோது நான் ஒரு பகிடி சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலையில் பெண்கள் வார்ட்டில் விரிப்பு மாற்றுகிற நேரம். பெண் பார்க்கப் போன ஒரு மாப்பிள்ளையின் கதை. பாதிக் கதையில், மருந்தகத்தில் வேலை செய்யும் யூட் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. வழக்கமாக "பாரு அக்கா, இண்டைக்கு என்ன புதுக் கதை?" என்று தூரத்திலேயே கத்திக்கொண்டு வருபவன், அன்றைக்கு "பார்வதி அக்கா" என்று முழுப் பெயரையும் சொன்னான். அப்போதே என் கை விரிப்போடு நின்றுவிட்டது.

"ஸ்ரெல்லா மிஸ்ஸி போயிட்டாவாம் அக்கா. கொழும்பில. விடியக்காலமை."

காது மந்தமான ஒரு அம்மா மூன்றாம் கட்டிலில் இருந்தா. அவவுக்கு யூட் சொன்னது கேட்கவில்லை. "பிறகு? மாப்பிள்ளை என்ன சொன்னவனாம்?" என்று என் சேலையைப் பிடித்துப் பிடித்துக் கேட்டா. அந்தக் கதையின் முடிவு இன்றுவரைக்கும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

மிஸ்ஸியின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறோம், நீங்களும் எழுதவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. டொக்டர்மார் அவவின் படிப்பையும் பட்டத்தையும் எழுதியிருப்பார்கள். எனக்குத் தெரிந்தது வேறு. என் மகள் எழுத்துப் பிழை மட்டும் பார்த்தாள். மற்ற எல்லாப் பிழையும் என்னுடையது.

என் தகப்பன் மலைநாட்டிலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து முருங்கன் பக்கம் குடியேறினவர். வயலில் கூலிக்கு நின்று, பிறகு இந்த மன்னார்க் கரையில் கன்னியர் மடம் நடத்துகிற எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கட்டில் துடைப்பது, ஆட்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவது, சாப்பாடு கொடுப்பது. இதற்கு நடுவில் வாய் சும்மா இருக்காது. படுத்திருக்கிற சனத்தைச் சிரிக்க வைப்பதற்கு எனக்குத் தனிச் சம்பளம் தரவேண்டும் என்று நான் அடிக்கடி சொல்வேன். தந்ததில்லை.

ஸ்ரெல்லா மிஸ்ஸி விடத்தல்தீவுக்காரி. என்னைவிட ஆறு வயது இளமை. படித்த தாதி, எங்கள் பேச்சில் மிஸ்ஸி. ஆனாலும் எங்களிடம் வந்தபோது அவவுக்கு வார்ட் வேலை தரவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று எடுக்கிற பொறுப்பைத் தந்தார்கள். நோயாளிக்கு ஆபத்து வராதபடி இந்த இடம் ஒழுங்காக நடக்கிறதா என்று வெளியாட்கள் வந்து பார்த்துக் கொடுக்கிற பத்திரம் அது. மிஸ்ஸி வந்த முதல் மாதமே எல்லாவற்றிலும் பெயர் ஒட்டினா. அலுமாரியில், வாளியில், குப்பைத் தொட்டியில், விளக்குச் சுவிச்சில். நான் சும்மா இருப்பேனா? வார்ட்டுக்குள் வந்துபோகும் ஒரு சாம்பல் பூனையைப் பிடித்து, அதன் முதுகில் "பூனை" என்று எழுதின கடதாசியை ஒட்டி அனுப்பினேன்.

அது நேரே மிஸ்ஸி இருந்து எழுதுகிற கந்தோருக்குள் போயிருக்கிறது. பெரிய சத்தம் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்புச் சத்தம்தான் வந்தது. பிறகு அவ பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கேட்டா:

"அக்கா, இது எந்த வழியால உள்ள வருது?"

யார் ஒட்டினது என்று கேட்கவில்லை. யார் சோறு போடுகிறது என்றும் கேட்கவில்லை. சோறு போட்டதும் நான்தான், சமையலறைப் பின் யன்னலால். அடுத்த நாள் அந்த யன்னலுக்குக் கம்பி வலை அடித்தாயிற்று. பூனைக்கு வெளியில், மதிலோரத்தில் ஒரு தட்டு. அந்தத் தட்டிலும் பெயர் ஒட்டியிருந்தது. அது அவவின் பகிடி.

இனி எழுதப்போவது சிலருக்குத்தான் தெரியும். எழுதவேண்டும் என்றுதான் இந்தப் பேனையைப் பிடித்தேன்.

அது சில வருசத்துக்கு முந்தி, மடு மாதா கோயில் திருவிழாக் காலம். பாதி மன்னார் மடுவுக்குப் போய்விட்டது. எங்கள் வார்ட்டில் ரெஜினம்மா என்று கீரி என்ற ஊரைச் சேர்ந்த ஒரு அம்மா, காலில் புண்ணோடு எட்டாம் கட்டிலில் படுத்திருந்தா. கல்யாணம் கட்டின வருசத்திலிருந்து ஒரு திருவிழாவும் தவறவிடாதவ. அன்றைக்கு அழுகையோ அழுகை. எட்டாம் கட்டில் தூணுக்குப் பின்னால் இருக்கிறது. எதிர்ச் சுவரில் தொங்கும் மடு மாதா படம் அங்கிருந்து தெரியாது. ஆறாம் கட்டிலுக்கு நேரே தெரியும்.

"மடுவுக்குத்தானே போகவேணும்? எழும்புங்கோ, பஸ் வெளிக்கிடப்போகுது" என்று சொல்லி, ஆறாம் கட்டிலில் இருந்த பிலோமினா அம்மாவிடம் கட்டிலைக் கேட்டேன். அவவும் நல்ல மனுசி, "பாவம், வரட்டும்" என்றா. இரண்டு பேரையும் கட்டில் மாற்றிப் படுக்க வைத்தேன். வார்ட் முழுக்கச் சிரிப்பு. நான் நடத்துநர் போல "மடு, மடு, மடு" என்று கூவினேன். கட்டிலின் கால்மாட்டில் தொங்கின சீட்டுகளை மாற்றவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. எனக்கு நேரம் முடிந்தது, வீட்டுக்குப் போய்விட்டேன்.

பிலோமினா அம்மா சீனி வருத்தக்காரி. பின்னேரச் சாப்பாட்டுக்கு முந்தி அவவுக்கு இன்சுலின் ஊசி. பின்னேர வேலைக்கு வந்த சுகந்தி மிஸ்ஸி வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான். ஆறாம் கட்டில், சீட்டில் பிலோமினா. "பிலோமினா அம்மாவோ?" என்று கேட்டிருக்கிறாள். ரெஜினம்மா மாதாவைப் பார்த்துச் செபம் சொல்லிக்கொண்டே "ஓம்" என்று தலையாட்டியிருக்கிறா. ஊசி ஏறிவிட்டது. இதில் இன்னொன்று. மடுவுக்குப் போகமுடியாததற்கு நேர்த்தி வைத்து, அவ அன்றைக்கு முழுக்க ஒருவாய் சோறும் தின்னவில்லை. மத்தியானம் வந்த சாப்பாட்டை ஒளித்து எனக்குத்தான் தந்தவ. நான் தின்றுவிட்டு "மாதாவே அனுப்பின சாப்பாடு" என்று சொன்னவள்.

ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் ரெஜினம்மா வேர்த்து, கை நடுங்கி, மயங்கிவிட்டா. டொக்டர் ஓடிவந்து நரம்பால் குளுக்கோஸ் ஏற்றித்தான் உயிர் திரும்பியது. அடுத்த நாள் காலையில் நான் சிரித்துக்கொண்டு வந்தபோது, சுகந்தி கண் வீங்கி மூலையில் நின்றாள்.

அடுத்த கிழமை தரச்சான்றுக்காரர் வருகிறார்கள். நிர்வாகி ஐயா வார்ட் வாசலிலேயே சொன்னார்: "ஆள் பிழைச்சிட்டாதானே. இதைப் பதிவில ஏத்தவேண்டாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் குடுத்துவிடுவம்." ஸ்ரெல்லா மிஸ்ஸி மெதுவாகத்தான் பேசினா. "கடிதம் குடுத்தா அவ பயப்பிடுவா ஐயா. அடுத்த தரம் பிழை வந்தா ஒளிப்பா. அவ்வளவுதான் நடக்கும்." பிறகு ஒரு முக்காலியை இழுத்து ஆறாம் கட்டிலடியில் போட்டு இருந்து, வார்ட்டில் உள்ள எல்லாரையும் ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினா.

என் முறை வந்தது. "என்ன மிஸ்ஸி, பொலிஸில சேர்ந்திட்டியளோ?" என்று கேட்டேன். அவ சிரித்தா. என்னைப் பார்த்துக்கொண்டே சிரித்தா. விரிப்பு எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் துணி அறைக்குள் போய் நின்றேன். இந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை இல்லை. மகள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். வெளியில் சுகந்தி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கடிதம் அவளுக்குத்தான் போகும்.

மிஸ்ஸி பின்னால் வந்து கதவைச் சாத்தினா.

"அக்கா, ஆர் செய்தது எண்டு நான் கேக்கேல்ல. எப்பிடி நடந்தது எண்டுதான் கேக்கிறன்."

"நான்தான் மிஸ்ஸி மாத்தினனான்" என்றேன். "அழுதவ. மாதாவைக் காட்டினனான். வேற ஒண்டுமில்லை."

எல்லாவற்றையும் சொன்னேன், சோறு தின்றதையும். அவ ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டே வந்தா. எழுதி முடித்து வாசித்துக் காட்டினா. கட்டில் மாற்றப்பட்டது. காரணம், எட்டாம் கட்டிலிலிருந்து மாதா படம் தெரியாது. சீட்டு கட்டிலோடு இருந்தது, ஆளோடு இல்லை. நோயாளி சாப்பிடவில்லை என்பதை அறிய வழி இருக்கவில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன், என் பெயர் வரவேயில்லை.

"என்ர பேர்?"

"அதுக்கு இதில இடமே இல்லை அக்கா, பாருங்கோ. ஆனா சுகந்தியிட்ட நீங்களே போய்ச் சொல்லவேணும். அந்தப் பிள்ளை ஒரு பொட்டும் நித்திரை கொள்ளேல்ல."

சொன்னேன். அந்தப் பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்து அழுதது. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரமே மிஸ்ஸி ஏணி எடுப்பித்து மாதா படத்தைக் கழற்றி, எல்லாக் கட்டிலிலிருந்தும் தெரியும்படி வாசலுக்கு மேல் மாட்டுவித்தா. ரெஜினம்மாவிடம் போய், ஊசி மாறிப் போட்டுவிட்டோம், எங்கள் பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்துச் சொன்னா. நிர்வாகி ஐயாவுக்கு முகம் கறுத்தது. ரெஜினம்மாவோ, "நான் கும்பிட்ட நேரம் வந்த மயக்கம், மாதாதான் வந்திட்டா எண்டெல்லோ நினைச்சனான்" என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தா.

அதன்பிறகுதான் கையில் பெயர் வளையம் வந்தது. ஊசி போடுமுன், ஆளைக் கொண்டுபோகுமுன், அவர்களே தங்கள் முழுப் பெயரைச் சொல்லவேண்டும். "நீங்கள் இன்னாரோ?" என்று கேட்கக்கூடாது. எனக்கு இது பெரிய பகிடியாக இருந்தது. "எங்கட ஊர்ச் சனம் மிஸ்ஸி, எல்லாரையும் எனக்குத் தெரியும். மருமகளைப் பாத்து உன்ர பேர் என்ன எண்டு கேக்கிற மாதிரி இருக்கும்" என்றேன்.

"தெரிஞ்ச ஆளிட்டத்தான் அக்கா பிழை விடுவம். தெரியாத ஆளெண்டா கவனமா இருப்பம்" என்றா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவ என்னை ஆண்கள் வார்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா. அங்கே மீசையை முறுக்கிக்கொண்டு படகுகள் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டி ஐயா இருந்தார். மிஸ்ஸி மரியாதையாக முன்னால் நின்று கேட்டா:

"ஐயா, நீங்கள்தானே பிலோமினா?"

"ஓம் மிஸ்ஸி" என்றார் அவர்.

அவ முகத்தில் ஒரு அசைவும் இல்லை. நான்தான் வெளியில் ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எங்கள் சனம் வெள்ளை உடுப்பைக் கண்டால் எதற்கும் ஓம் சொல்லும். மரியாதை. அந்த மரியாதைதான் அன்றைக்கு ரெஜினம்மாவைக் கொல்லப் பார்த்தது.

தரச்சான்றுக்காரர் வந்தபோது மிஸ்ஸி முதல் வேலையாக அந்தப் படிவத்தைத்தான் விரித்து வைத்தா. நிர்வாகி ஐயா கதிரையில் நெளிந்தார். "ஒரு பிழையும் நடக்கேல்ல எண்டு ஒரு ஆஸ்பத்திரி சொன்னா நான் அங்க போய்ப் படுக்கமாட்டன்" என்று அவ அவர்களிடம் சொன்னதை, தேத்தண்ணி கொண்டுபோன நான் காதால் கேட்டேன். சான்று உடனே கிடைக்கவில்லை. தள்ளுவண்டிச் சரிவுக்குக் கைப்பிடி போட்ட பிறகுதான் கிடைத்தது. அந்தப் படிவத்துக்காக ஒருவரும் எங்களைக் குறைத்துப் பார்க்கவில்லை.

இனி மற்றது.

போன மாரி மழைக்கு முன்னால் இருந்தே மிஸ்ஸி மேல்மாடிக்கு ஏறும்போது நடுப்படியில் நிற்பா. கையைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு, மூச்சு விடுவா. நான் கீழே நின்று, "என்ன மிஸ்ஸி, படிக்கட்டுக்கும் தரச்சான்று குடுக்கிறியளோ? ஒவ்வொண்டா நிண்டு பாக்கிறியள்" என்று கத்துவேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவவும் சிரிப்பா. ஒரு நாள் அவவின் செருப்பு காலில் ஏறவில்லை, கால் வீங்கியிருந்தது. "கல்யாண வீட்டுச் சாப்பாடு கூடிப்போச்சு" என்றேன். அதற்கும் சிரித்தா. மூன்று மாதம் இந்தப் பகிடி ஓடியது. நான் நிறுத்தினால் மற்றவர்கள் தொடங்கினார்கள். டொக்டர்மார் நிறைந்த இடம் அது. ஒருவர் கேட்டிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் பார்த்தவள் நான்.

ஒரு நாள் காலையில், கந்தோரில் மேசையில் தலை வைத்தபடி மிஸ்ஸியைக் கண்டோம். இருதயத்தில் வால்வு பழுது, கன நாளாக இருந்திருக்கிறது, இன்னும் முந்தி வந்திருக்கலாம் என்றார்கள். கொழும்புக்கு அனுப்பவேண்டும்.

அம்புலன்ஸ்வரை அவவைத் தள்ளிக்கொண்டு போனது நான். மூக்கில் குழாய். அவவின் தங்கச்சி பையோடு முன்னால் நடந்தா. நான் வண்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு தள்ளினேன். பேசினால் அழுவேன். வாசலில் வண்டியை நிறுத்தி ஏற்றப்போன நேரம் மிஸ்ஸி கையை உயர்த்தினா.

"பேர் கேக்காமல் ஏத்தப்போறியளோ?"

"உங்களைத் தெரியாதோ எனக்கு?"

"தெரிஞ்ச ஆளிட்டத்தான்…" மூச்சு முட்டியது, முடிக்கவில்லை.

"சரி, உங்கட முழுப் பேரைச் சொல்லுங்கோ" என்றேன். அவ தகப்பன் பெயரோடு சேர்த்து முழுதாகச் சொன்னா, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்து. நான் வளையத்தைப் பார்த்தேன். கண்ணீரில் எழுத்துத் தெரியவில்லை. சரி என்று சொன்னேன். அதுவும் பிழைதான், பார்க்காமல் சரி சொன்னேன்.

அப்போதுதான் சொன்னேன். "மிஸ்ஸி, படியில நிண்ட நேரம் நான் பகிடியெல்லோ விட்டனான். கேட்டிருக்கவேணும்."

அவ என் கையைத் தட்டினா. "நானும் சிரிச்சனான்தானே அக்கா. எனக்குத் தெரியாததோ? அதையும் சேர்த்துப் படிவத்தில எழுதுங்கோ."

கதவு சாத்தினார்கள். அதற்குப் பிறகு அவவின் குரலை நான் கேட்கவில்லை. பத்தாம் நாள் யூட் வார்ட் வாசலில் வந்து நின்றான்.

விடத்தல்தீவில் மண் போட்டோம். கோயில் நிறைந்து வெளியிலும் சனம். ரெஜினம்மா பொல்லு ஊன்றிக்கொண்டு வந்திருந்தா. சுகந்தி இப்போது வேறு ஆஸ்பத்திரியில் பொறுப்பு மிஸ்ஸி, விடிய பஸ் எடுத்து வந்து சேர்ந்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இழவு வீட்டிலும் ஏதாவது சொல்லி ஆட்களைத் தேற்றுகிறவள் நான். அன்றைக்கு ஒரு பிடி மண் எடுத்துப் போட்டேன். ஈரமாக இருந்தது.

அவ சொன்னபடி எழுதிவிட்டேன். அவவின் படிவம் போலவே எழுதப் பார்த்தேன். ஒருவர் படியில் நின்று நின்று ஏறினார். கால் வீங்கியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். காரணம், அவர் மற்ற எல்லாரையும் பார்த்துக்கொள்கிறவர், அவரைப் பார்க்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் படிவத்தில் பெயருக்கு இடமில்லை என்று எனக்குத் தெரியும். என் பெயரை நானே போடுகிறேன்: பார்வதி. மிஸ்ஸி ஏசினாலும் பரவாயில்லை. ஏச அவ இருந்தால் நல்லாயிருக்கும்.

போன கிழமை, வாசல் காவலுக்கு நிற்கும் பீற்றர் அண்ணை கதிரையில் இருந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். என் வாயில் பகிடி வந்து நின்றது, நல்ல பகிடி. விழுங்கினேன்.

"என்ன அண்ணை செய்யுது?"

"ஒண்டுமில்லை, நீ போ."

"ஒண்டுமில்லை எத்தின நாளா?"

"போடி, உனக்கு விசர்" என்று ஏசினார். நான் போகவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டொக்டருக்கு முன்னால் இருத்தினேன். நெஞ்சில் வயர் பூட்டிப் பார்த்தார்கள். வாயு. முதல் நாள் தின்ற கடலை வடையின் வாயு. ஆஸ்பத்திரி முழுக்கச் சிரித்தது. "பாருவால எனக்கு மானம் போச்சு" என்று அண்ணை இன்னும் என்னோடு கோபம்.

எனக்கு அந்தக் கோபம் போதும். ஸ்ரெல்லா மிஸ்ஸியிடமிருந்து மற்றவர்கள் எதை எதை எடுத்து வைத்திருக்கிறார்களோ தெரியாது. நான் வைத்திருப்பது அவவிடம் கேட்காமல் விட்ட இரண்டு சொல்தான். என்ன செய்யுது, என்ன செய்யுது என்று வாறவர் போறவர் எல்லாரையும் கேட்டுக்கொண்டு திரிகிறேன்.